பொழிச்சலூர் வீடு ஒன்றுக்கு இணைய இணைப்பு தேர்ந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை விமான நிலையத்தின் மேற்குப்புறத்தில், அடையாற்றை ஒட்டியுள்ள பொழிச்சலூரில், தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட தனி வீடு ஒன்றுக்கு எந்த வகை இணைய இணைப்பு பொருந்தும் என்ற கேள்வியும், அதற்கு விடை கண்ட வழியும் இங்கே பதிவு செய்யப்படுகின்றன. வீட்டாரின் பெயரும், இணைப்பு தந்த, தர முன்வந்த நிறுவனங்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

தரைத்தளத்தில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் இருக்கின்றனர். மாலையில் தொலைக்காட்சியில் தொடர்களும் இரவில் பழைய படங்களும் இணையம் வழியாகவே ஓடுகின்றன; வாசலிலும் கொல்லையிலும் உள்ள இரண்டு கண்காணிப்புக் கேமராக்களைப் பெரியவர் தம் கைப்பேசியில் பார்த்துக்கொள்வார். முதல் மாடியில் மகளும் மருமகனும் வசிக்கின்றனர். மகள் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை, அதில் பெரும்பகுதி காணொளிக் கூட்டங்கள். மருமகன் திருமண ஆல்பம் வடிவமைப்பவர். இரண்டாம் மாடியில், மொட்டை மாடியை ஒட்டிய அறைதான் அவருடைய பணியிடம். புகைப்படக்காரர்கள் மூலப் படங்களை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து கொடுத்துவிடுவர்; ஆனால் முடித்த பக்கங்களை அச்சகத்துக்கும், தொகுத்த காணொளிகளை வாடிக்கையாளருக்கும் அவர் இணையம் வழியாகவே அனுப்ப வேண்டும். தை, வைகாசி, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் இந்த அனுப்பும் வேலை இரவு பகலாக நடக்கும்; ஆடியிலும் மார்கழியிலும் ஏறக்குறைய நின்றுவிடும்.

ஆய்வு தொடங்கியபோது அந்த வீட்டில் இருந்தது, பகுதியின் கேபிள் நடத்துநர் கொடுத்த 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு. அதைப் பற்றி மூன்று குறைகள் கூறப்பட்டன. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றால், வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியும் இணையம் போய்விடுகிறது. இடியுடன் மழை பெய்த மறுநாள் இணைப்பு இறந்து கிடக்கிறது. நடத்துநரின் ஆள் வந்து எதையோ மாற்றிய பிறகே உயிர் பெறுகிறது. இவ்விரண்டையும்விட வீட்டில் சச்சரவை உண்டாக்கியது மூன்றாவது குறை: மருமகன் கோப்பு அனுப்பத் தொடங்கினால், மகளின் கூட்டத்தில் படம் உறைந்து குரல் அறுந்துபோகிறது.

இதற்கு வீட்டார் தாமாகவே ஒரு தீர்வு வைத்திருந்தனர். இன்னொரு நிறுவனத்தின் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிவிடுவது என்பதே அது. "நூறு போதவில்லை, முந்நூறு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் பெரியவர். இணைப்பு மாற்றுவோரில் பலர் இந்தக் கணக்கில்தான் மாற்றுகின்றனர். துண்டறிக்கைகளில் பெரிய எழுத்தில் அச்சாகும் எண்ணும் அது ஒன்றே. ஆனால் கூறப்பட்ட குறைகளில் எதுவும் அந்த எண்ணோடு தொடர்புடையது அன்று என்பது முதல் அளவீட்டிலேயே தெரிந்தது.

அளவீடு

மடிக்கணினியை வைஃபையில் அன்றி, கம்பி வழியாக நேரே ரௌட்டரில் இணைத்து, இரவு 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையே, அதாவது தெருவே இணையத்தில் இருக்கும் நேரத்தில் வேகம் சோதிக்கப்பட்டது. வேகச் சோதனைத் தளங்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பல நேரம் இணைப்பு தரும் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அதில் வரும் எண், வீட்டிலிருந்து அந்நிறுவனத்தின் வாசல்வரை பாதை நன்றாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே மும்பையிலும் சிங்கப்பூரிலும் உள்ள சர்வர்களைத் தேர்ந்தெடுத்துச் சோதனை மீண்டும் செய்யப்பட்டது. இறக்கம், அதாவது இணையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வேகம், 90க்கு மேலேயே நின்றது. வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகமான ஏற்றமோ 20ஐத் தாண்டவில்லை. விசாரித்ததில், திட்டமே அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது: 100 என்பது இறக்கத்துக்கு மட்டும்.

மருமகன் ஒரு திருமணத்துக்கு அனுப்பும் கோப்புகள் சராசரியாக 30 ஜிபி. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் அது 2,40,000 மெகாபிட். விநாடிக்கு 20 மெகாபிட் வீதம் அனுப்ப 12,000 விநாடி, அதாவது 3 மணி 20 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் ஏற்றப் பாதை நிரம்பி வழியும். மகளின் முகமும் குரலும் வெளியே செல்ல வேண்டியதும் அதே பாதையில்தான். ரௌட்டர் வரும் தரவையெல்லாம் வரிசையில் நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதால், சாதாரண நேரத்தில் சில மில்லி விநாடிகளில் போய்வரும் பிங் (தரவு போய்வரும் நேரத்தை அளக்கும் சோதனை), கோப்பு ஏறும்போது பல நூறு மில்லி விநாடிகளாக நீண்டது. இறக்க வேகம் 300 ஆனாலும், ஏற்றம் 30 அல்லது 40 ஆக இருந்தால், வரிசை சற்றுக் குறையுமே தவிர மறையாது.

இறக்கத்தின் தேவையையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. நெட்ஃப்ளிக்ஸ் போன்ற சேவை முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. குழுக் காணொளிக் கூட்டம் ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். இந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறந்து வைத்தாலும் 50ஐத் தொடுவது கடினம். 2023 ஜனவரியில் இந்திய அரசு அகலக்கற்றையின் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியபோதும் அந்த வரையறை இறக்க வேகத்தைப் பற்றியே பேசியது. ஏற்றத்தை மறந்தவர்கள் விளம்பரம் எழுதுவோர் மட்டும் அல்லர்.

மகள் கூறிய வேறொரு குறையை மட்டும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் உள்ள அலுவலகச் சர்வரில் ஒவ்வொரு சொடுக்குக்கும் தாமதம் ஏற்படுகிறது என்றார். சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வழியாகச் சிங்கப்பூருக்குத் தரவு போய்வரச் சுமார் 35 மில்லி விநாடி ஆகும். அமெரிக்காவுக்கு 200ஐ எளிதாகத் தாண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி செல்லும் வேகமே அதற்கு எல்லை. எந்த நிறுவனத்திடம் எந்தத் திட்டத்தை வாங்கினாலும் அந்தத் தாமதம் குறையாது என்று சொன்னபோது அவர் சற்று ஏமாற்றமடைந்தார்.

இருந்த இணைப்பின் உண்மையான வகை

நடத்துநர் கொடுத்த ரசீதில் "ஃபைபர்", அதாவது ஒளியிழை, என்று அச்சாகியிருந்தது. வீட்டுக்குள் வந்த கம்பியின் முனையிலோ சாதாரண லேன் பிளக் இருந்தது. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தபோது விவரம் விளங்கியது: நடத்துநரின் அலுவலகத்திலிருந்து மூன்று வீடு தள்ளியுள்ள ஒரு மாடிவரை ஒளியிழை வருகிறது, அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் உள்ள, இணைப்பைப் பல கம்பிகளுக்குப் பகிரும் கருவியான ஸ்விட்ச்சிலிருந்து சுற்றியுள்ள வீடுகளுக்குச் செம்பாலான ஈதர்நெட் கம்பிகள் மாடி விட்டு மாடி தாண்டிச் செல்கின்றன. சென்னையின் பல பகுதிகளில் நீண்ட காலமாக நடப்பில் உள்ள முறை இது. மலிவானது, விரைவில் கொடுக்கக்கூடியது. ஆனால் "ஃபைபர்" என்ற பெயர் கடைசி 60 மீட்டருக்குப் பொருந்தாது.

முதல் இரண்டு குறைகளுக்கும் விடை அந்தத் தகரப் பெட்டியில் இருந்தது. ஸ்விட்ச் மின்சாரத்தில் இயங்குவது; அந்த வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்தே அதற்கு மின்சாரம் எடுக்கப்பட்டிருந்தது; பேட்டரி எதுவும் இல்லை. பராமரிப்புக்காக அந்தத் தெருவில் மின்சாரம் நின்றதும் ஸ்விட்ச் அணைந்துவிடும். நம் வீட்டு இன்வெர்ட்டர் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தது இடி. திறந்த வெளியில் மாடிகளுக்கு மேலே நீளும் செம்புக் கம்பி, அருகே எங்கோ விழும் மின்னலின் தூண்டலையும் வாங்கிக்கொள்ளும். ஸ்விட்ச்சின் போர்ட்டோ ரௌட்டரின் போர்ட்டோ கருகுவது அதனால்தான். இத்தகைய இணைப்புகளில், சுத்தச் செம்புக்குப் பதிலாகச் செம்பு பூசிய அலுமினியக் கம்பி பயன்படுத்தப்படுவதும் உண்டு. வெயிலில் உறை வெடித்து, மழைநீர் இறங்கினால், வேகம் 100இலிருந்து 10க்கு இறங்கி நிற்கும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, அந்த நடத்துநரைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. அழைத்தால் அன்றைக்கே ஆள் வரும், ஞாயிற்றுக்கிழமையும் வரும். "மாமி, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சரிசெய்யும் லைன்மேனுக்காகவே வீட்டம்மா இத்தனை ஆண்டுகள் வேறு இணைப்பை நாடாமல் இருந்தார். பழுது பார்க்கும் மனிதர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பது தொழில்நுட்ப வகைக்கு நிகரான காரணம் என்று இந்த ஆய்வு கருதுகிறது; பின்னர் எடுத்த முடிவிலும் அதற்கு இடமுண்டு.

மாற்று வழிகள்

சிலவற்றை விரைவில் தள்ளிவிட முடிந்தது. பழைய தரைவழித் தொலைபேசியின் செம்பு இணைக்கம்பி இன்னும் அந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆனால் அந்தக் கம்பி வழியே இணையம் தரும் டிஎஸ்எல் முறையில் தொலைவு கூடக்கூட வேகம் சரியும். தொலைபேசி நிலையத்துக்கு மிக அருகில் இருந்தால்கூட ஏடிஎஸ்எல்2+ வகையின் உச்சம் 24 எம்பிபிஎஸ், அதிலும் ஏற்றம் மிகச் சொற்பம். கேபிள் டிவியின் கோஆக்சியல் கம்பி வழியே வரும் இணைப்பு அந்தத் தெருவில் கிடைக்கவில்லை. செயற்கைக்கோள் இணையம், இழையோ கோபுரமோ எட்டாத மலைக்கும் தீவுக்கும் உரியது. நகரின் ஓரத்தில், தெருமுனையில் இழைப்பெட்டி இருக்கும் வீட்டுக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

தீவிரமாக ஆராய வேண்டியிருந்தது 5ஜி வழியிலான வீட்டு இணைப்பு. இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. ஜியோ தன் ஏர்ஃபைபர் சேவையை 2023 செப்டம்பர் 19 அன்று எட்டு நகரங்களில் அறிமுகம் செய்தபோது சென்னையும் அவற்றில் ஒன்று. மாடியில் ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு ரௌட்டர். தெருவில் கம்பி இழுக்க வேண்டியதில்லை, மரம் முறிந்து அறுவதற்கும் எதுவுமில்லை. வர்தா புயல் வீசிய 2016 டிசம்பரில் நகரெங்கும் சாய்ந்த மரங்களோடு கேபிள்களும் விழுந்ததை நினைவில் வைத்திருக்கும் பெரியவருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. வாடகை வீட்டில் இருப்பவருக்கும், கம்பி இழுக்கச் சங்கம் அனுமதிக்காத அடுக்ககத்தாருக்கும் இது உண்மையிலேயே நல்ல வழி.

இந்த வீட்டுக்கு அது பொருந்தாததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, வீடு இருக்கும் இடம். 5ஜியின் வேகத்துக்கு ஆதாரமானது 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய நடு அலைவரிசை. விமானங்கள் தரையிலிருந்து தம் உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானிகள் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்குவதால், இடையூறு நேரலாம் என்று கருதி, 2022 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் விடுத்தது. ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டர், நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டர் வரையிலான பரப்பில் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் 5ஜி நிலையங்களை அமைக்க வேண்டாம் என்பது அதன் சாரம். இறங்கும் விமானத்தின் சக்கரங்களை மாடியிலிருந்து பார்க்கக்கூடிய இந்த வீட்டில், கைப்பேசித் திரையில் 5ஜி என்று காட்டினாலும், அலைவரிசை விவரங்களைக் காட்டும் பொறியியல் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது வந்துகொண்டிருந்தது தாழ்ந்த அலைவரிசையே. அது சுவரைத் துளைத்து நெடுந்தூரம் வரும். ஆனால் அகலம் குறைவு, ஆகவே வேகமும் குறைவு. இதே திட்டம் தியாகராய நகரிலோ அண்ணா நகரிலோ தரும் அனுபவத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடுகிறது என்ற சான்று, கம்பியில்லா இணைப்பைப் பொறுத்தவரை அவர் வீட்டுக்கு மட்டுமே செல்லுபடியாகும்.

இரண்டாவது காரணம் மீண்டும் ஏற்றம்தான். நடு அலைவரிசை 5ஜி ஒரே அலைவரிசையை நேரத் துண்டுகளாக்கி இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் மாறி மாறிப் பயன்படுத்துகிறது. துண்டுகளில் பெரும்பங்கு இறக்கத்துக்கே ஒதுக்கப்படும். படம் பார்ப்போர் மிகுந்த ஊருக்கு அது சரியான பங்கீடு. 30 ஜிபி கோப்பு அனுப்புபவருக்கு அது பாதகம். மாதத் தரவு வரம்பும் பார்க்க வேண்டியது: கம்பியில்லாத் திட்டங்களில் 1,000 ஜிபி அளவில் வரம்பு வைப்பதும், இழைத் திட்டங்களில் அது 3,300 ஜிபி அளவில் இருப்பதும் வழக்கம். "வரம்பற்றது" என்ற சொல்லுக்கு அருகே இருக்கும் நட்சத்திரக் குறி இதைத்தான் குறிக்கிறது. முகூர்த்த மாதத்தில் மருமகனின் வேலையும் வீட்டின் பொழுதுபோக்கும் சேர்ந்தால் 1,000 என்பது மாத முடிவுக்கு முன்பே தீரக்கூடும்.

எஞ்சியது வீட்டுக்குள்ளேயே வரும் ஒளியிழை. தெருவில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன: பெரிய நிறுவனம் ஒன்றின் நேரடி இணைப்பு, இன்னொரு நிறுவனத்தின் சேவையை உள்ளூர்ப் பங்குதாரர் ஒருவர் இழை இழுத்துக் கொடுப்பது.

இழை வேலை செய்யும் விதம்

வீடுகளுக்கான இழை இணைப்பில் பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், நிறுவனத்தின் முனையில் உள்ள ஒரு போர்ட் விநாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் இறக்கமும் 1.25 கிகாபிட் ஏற்றமும் தருகிறது. ஒரே இழையில் இரு திசைக்கும் இரு நிற ஒளி: இறங்குவது 1490 நானோமீட்டர், ஏறுவது 1310. அந்த ஒளியை வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு கண்ணாடிப் பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதே இந்த வீட்டைப் பொறுத்தவரை முதன்மையான செய்தி. தெருவில் மின்சாரம் இல்லாவிட்டாலும், நிறுவனத்தின் முனையில் பேட்டரியும் வீட்டில் இன்வெர்ட்டரும் இருந்தால் இணைப்பு நிற்காது. கண்ணாடி மின்னலின் தூண்டலை வாங்காது என்பதால் இடிப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்கிறது. இழையைத் தாங்க அதனுடன் வரும் கம்பி உலோகமாக இருந்தால், அதை மட்டும் வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட வேண்டும்.

64 வீடுகளும் ஒரே கணத்தில் முழு வேகத்தில் இறக்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 39 எம்பிபிஎஸ் மட்டுமே என்று கணக்குப் போட்டுக் கவலைப்படுவோர் உண்டு. வழக்கத்தில் அப்படி நிகழ்வதில்லை. இரவு 10 மணிக்கும் பெரும்பாலான வீடுகள் ஓரிரு படங்களை ஓட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவே. நெரிசல் வந்தால் அது பெரும்பாலும் நிறுவனம் வெளியிலிருந்து வாங்கும் இணையக் கொள்ளளவில்தான் வரும். இரவு நேரச் சோதனையை வெளியூர்ச் சர்வரோடு செய்யச் சொன்னது அதற்காகவே. அதே தெருவில் இரு நிறுவனங்களின் இணைப்பும் உள்ள வீடுகளில் அனுமதி பெற்றுச் சோதித்துப் பார்க்கப்பட்டது. இரண்டும் திருப்தியாகவே இருந்தன.

ஆகவே முடிவு வேறு கேள்விகளில் தங்கியது. ஏற்றமும் இறக்கமும் சமமா? பெரிய நிறுவனத்தில் சமம், பங்குதாரரிடமும் சமம். நிறுவனத்தின் முனைக்கருவி எங்கே இருக்கிறது, மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும்? பங்குதாரர் தம் அலுவலகத்துக்கே அழைத்துச் சென்று பேட்டரி வரிசையைக் காட்டினார். பெரிய நிறுவனத்தின் விற்பனையாளருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. இழை அறுந்தால் யார் வருவார்? பெரிய நிறுவனத்தில் செயலியில் புகார் பதிந்து, டாக்கெட் எண் வாங்கி, ஒதுக்கப்படும் ஒப்பந்தக்காரருக்காகக் காத்திருக்க வேண்டும். பங்குதாரரிடம் இழையை ஒட்டவைக்கும் ஸ்ப்ளைசிங் கருவி சொந்தமாகவே இருந்தது. புயலுக்குப் பிந்தைய வாரத்தில் அந்தக் கருவி பகுதிக்கு ஒன்றே இருந்தால், அது யார் கையில் இருக்கிறது என்பதே எந்த வீட்டுக்கு முதலில் என்ற முறையைத் தீர்மானிக்கும்.

விலையில் பெரிய வேறுபாடு இல்லை. 799 ரூபாய் என்று அச்சிட்ட திட்டத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 942.82 ரூபாய் ஆகும் என்பதை மட்டும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. ஓராண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றனர். மழைக்காலம் ஒன்றைக் கடக்கும்வரை மாதக் கட்டணமே நல்லது என்று பரிந்துரைக்கப்பட்டது. ஓடிடி சந்தாக்கள் இணைந்த உயர் திட்டத்தைத் தவிர்த்தாயிற்று, ஏனெனில் வீட்டார் பார்ப்பது அவற்றில் ஒன்றை மட்டுமே.

நிலையான ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அந்த வீட்டுக்கென மாறாத எண்ணை, கூடுதல் கட்டணத்துக்கு வாங்கச் சொல்லி விற்பனையாளர் வற்புறுத்தினார். பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறையைப் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றுவது உண்மை. வெளியிலிருந்து நேரே வீட்டுக் கணினிக்குள் நுழைய வேண்டியவருக்கு அது தடையாகும். ஆனால் பெரியவரின் கேமரா, தயாரிப்பாளரின் சர்வர் வழியாகவே கைப்பேசியோடு பேசுகிறது. மகளை அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் உள்ளிருந்து வெளியே செல்வது. இரண்டுக்கும் நிலையான முகவரி தேவையில்லை.

பங்குதாரரின் 100க்கு 100 திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 30 ஜிபி அனுப்ப இப்போது 40 நிமிடம் போதும். பழைய இணைப்பை அந்த மாதம் முடியும்வரை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது.

வீட்டுக்குள்

இழை கொண்டுவர வந்த இளைஞர்கள் வழக்கம்போல் தரைத்தளக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு அருகே, இழை வந்து சேரும் கருவியை மாட்டத் தொடங்கினர். அங்கே வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்ல வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது அந்தக் கூடத்தில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் விமான நிலைய ஓடுபாதையே நீரில் மூழ்கியதை இப்பகுதியினர் மறக்கவில்லை. கூடத்தின் தொலைக்காட்சி பிளக், சென்னை வீடுகள் பலவற்றைப் போலவே, இன்வெர்ட்டர் இணைப்பில் இல்லை. விளக்கும் மின்விசிறியும் மட்டுமே அதில் இருந்தன. மேலும், அங்கிருந்து கிளம்பும் வைஃபை இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாண்டி மருமகனின் அறைக்குப் போய்ச் சேர்ந்தால் அது பெயருக்குத்தான் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, தளத்தைத் துளைக்காது, 2.4 கிகாஹெர்ட்ஸ் துளைக்கும், ஆனால் பக்கத்து வீட்டு ரௌட்டர்களோடு இடத்துக்குப் போட்டியிட வேண்டும்.

கருவி முதல் மாடி நடைக்கு மாற்றப்பட்டது. எலக்ட்ரீசியன் ஒருவர் இன்வெர்ட்டர் கம்பியிலிருந்து அங்கே ஒரு பிளக் எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்து இரண்டாம் மாடிக்குச் சுவருக்குள் இருந்த குழாய் வழியே கேட்6 வகை ஈதர்நெட் கம்பி ஏற்றி, மருமகனின் கணினி நேரே இணைக்கப்பட்டது. கம்பியின் நடுவே ஒரு சிறு ஸ்விட்ச்சும், மாடி அறைக்கும் தரைத்தளத்துக்கும் தனித்தனி வைஃபை கருவிகளும் வைக்கப்பட்டன. மொத்தச் செலவு, 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு ஓராண்டில் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய தொகையைவிடக் குறைவு.

இணைப்புக் கொடுத்ததும் வேகம் சரியாகவே காட்டியது. வந்தவர்கள் புறப்படத் தயாராயினர். கருவியின் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டச் சொன்னபோது, "மைனஸ் இருபத்தஞ்சு புள்ளி எட்டு வருது சார், ஓடும்" என்றார் ஒருவர். ஓடும்தான், ஒளியின் வலிமையை அளக்கும் டிபிஎம் அலகில் பொதுவாகக் கருவிகள் மைனஸ் 27 வரை தாங்கும்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. ஆனால் கணக்கு வேறு சொன்னது. முனையிலிருந்து சுமார் பிளஸ் 4 டிபிஎம் ஒளி புறப்பட்டால், 8க்கு 8 என இரு கட்டப் பிரிப்பில் 21 டெசிபல் (ஒளி இழப்பின் அலகு) போகும். 3 கிலோமீட்டர் இழையில் ஒன்று, ஒட்டுகளிலும் இணைப்பான்களிலும் இரண்டு. வந்து சேர வேண்டியது மைனஸ் 20ஐ ஒட்டி. ஏறக்குறைய 6 டெசிபல் எங்கோ ஒழுகியது. தேடியதில், சன்னல் கம்பியைச் சுற்றி இழையைச் செங்கோணத்தில் மடித்து ஆணி அடித்திருந்தது தெரிந்தது. கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி பக்கவாட்டில் கசியும். ஆணியைப் பிடுங்கி, வளைவைத் தளர்த்தி, ஒரு இணைப்பானை ஆல்கஹால் துணியால் துடைத்ததும் அளவு மைனஸ் 21.4க்கு வந்தது. முன்பு வந்துகொண்டிருந்தது, வர வேண்டியதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஒளிதான். வெயிலில் இணைப்பான் தளர்ந்து இன்னும் ஒன்றிரண்டு டெசிபல் குறைந்திருந்தால், மழை நாளில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். காரணத்தை மழையின் மேல் போட்டிருப்பர்.

ரௌட்டரில் ஏற்றத்தை 90 எம்பிபிஎஸ்ஸுக்கு மட்டுப்படுத்தி, வரிசையை ரௌட்டரே சீராக நிர்வகிக்கும் அமைப்பும் இயக்கப்பட்டது. மருமகன் கோப்பு ஏற்றும்போதே மகளின் கணினியில் பிங் அளந்து பார்த்ததில், அது 20 மில்லி விநாடிக்குள் நின்றது.

மழைக்காலத்தில்

வடகிழக்குப் பருவமழை முழுவதும் அந்த வீட்டின் இணைப்பு கவனிக்கப்பட்டது. மாதாந்திர மின்தடை நாட்களில் இணையம் நிற்கவில்லை. இடியால் எந்தக் கருவியும் போகவில்லை. ஒருமுறை, மழைக்கு முன் மரக்கிளைகளை வெட்டியபோது தெருவின் இழையும் சேர்ந்து அறுந்தது. மாலையில் அறுந்தது மறுநாள் முற்பகலில் ஒட்டப்பட்டது. இடைப்பட்ட நேரத்தில் மகள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் பணியாற்றினார். அந்தக் கைப்பேசி எண் இழை நிறுவனத்தைச் சாராத வேறு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும் என்பது முதலிலேயே வற்புறுத்தப்பட்டிருந்தது. ஒரே நிறுவனத்தின் இழையும் கோபுரமும் பல இடங்களில் ஒரே முதுகெலும்பு இழையை நம்பியுள்ளன. ஒன்று விழுந்தால் மற்றதும் விழலாம்.

இழை மின்கம்பங்களிலும் மரங்களிலும் தொங்கியபடியே வருகிறது என்பது இந்தத் தேர்வில் தீராமல் நிற்கும் குறை. மண்ணுக்கு அடியில் பதித்த இழை அந்தத் தெருவில் எவரிடமும் இல்லை. மாநகரின் உட்பகுதிகளில் நிறுவனம் தேர்வோர் இதை முதல் கேள்வியாகவே கேட்கலாம்.

தை மாத முகூர்த்தங்கள் தொடங்கியதும் பங்குதாரர் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு உயர்த்திக்கொள்ளச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பினார். மருமகனின் மாதப் பயன்பாடு 3,300 ஜிபி வரம்பில் பாதியையும் எட்டவில்லை. 40 நிமிடம் 20 ஆகக் குறைவதற்கு மாதம் அவ்வளவு தொகை வேண்டாம் என்று வீட்டம்மாவே பதில் சொல்லிவிட்டார். மாதக் கட்டணத்திலிருந்து அரையாண்டுக் கட்டணத்துக்கு மாறலாமா என்பது மட்டும் பங்குனிக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.